நிழல் தொலையும் மத்தியானம்: சூரியன் குறித்த நாளில் மட்டும் காட்டும் காட்சிகள்

அல்சூர் ஆனந்தி | ஏப்ரல் 23, இரவு 9.10

பெங்களூரில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். நாளை மத்தியானம் 12.10க்கு கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போங்கள். 12.17 வாக்கில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். செங்குத்தாக நிற்கும் எந்தப் பொருளுக்கும் நிழல் பக்கவாட்டில் விழாது. வருடத்தில் இரண்டே நாள்தான் இப்படி.

பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாலே போதும். தரை சமமாக இருக்க வேண்டும், அது முக்கியம். மொட்டை மாடியில் தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சாய்த்துத்தான் போட்டிருப்பார்கள். அதனால் ஒரு பலகையைப் போட்டு, அடியில் அட்டைத் துண்டு செருகிச் சமப்படுத்திக்கொள்ளுங்கள். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஒரு பிளாஸ்டிக் குழாயையும் கொத்தனார் தூக்குக்குண்டையும் தயாராக வைத்திருக்கிறார்கள்.

வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். பார்க்க வேண்டியது எல்லாம் தரையில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

அப்புறம் இன்னொன்று. உலகத்தில் வேறு எங்கெல்லாம் சூரியன் இப்படி ஒரு குறிப்பிட்ட நாளில் மட்டும் ஒரு காட்சியைக் காட்டுகிறது? நேரில் பார்த்தவர்கள், படித்தவர்கள் எழுதுங்கள். எப்படி நடக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் நன்றாக இருக்கும்.

கோரமங்களா குமார் | ஏப்ரல் 23, இரவு 9.48

நல்ல ஆரம்பம், ஆனந்தி. பல வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் என்ற உரிமையில் காரணத்தை நான் சொல்லிவிடுகிறேன்.

பூமியின் அச்சு ஏறக்குறைய 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் நண்பகல் சூரியன் டிசம்பர் 21 வாக்கில் மகர ரேகைக்கு நேர் மேலே இருக்கும். அங்கிருந்து வடக்கே நகர்ந்து ஜூன் 21 வாக்கில் கடக ரேகைக்கு வரும், பிறகு தெற்கே திரும்பும். பெங்களூர் இருப்பது ஏறக்குறைய 13 பாகை வடக்கு. சூரியன் மேலே போகும்போது ஏப்ரல் 24 வாக்கிலும், திரும்பி வரும்போது ஆகஸ்ட் 18 வாக்கிலும் நம்மைத் தாண்டுகிறது. சென்னையும் கிட்டத்தட்ட அதே அட்சரேகை, அதனால் நாளும் அதேதான். கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரமே முடிந்துவிட்டது. மும்பை மே பாதி வரை காத்திருக்க வேண்டும். டில்லிக்கு இந்த நாளே கிடையாது, ஏனென்றால் அது கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறது.

சரி, ஏன் 12.17? நம் கடிகாரம் காட்டுவது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். பெங்களூர் அதற்கு மேற்கே 4.9 பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கு. இந்த வாரத்தில் சூரியன் சராசரிக் கணக்கைவிட 2 நிமிடம் முந்தி வருவதால், 12.19 தாண்டி வர வேண்டிய உச்சி 12.17 தாண்டியதுமே வந்துவிடுகிறது. சென்னைக்காரர்கள் 12.07க்கே மாடியில் நிற்க வேண்டும்.

இங்கே கோரமங்களாவில் இந்திய வானியற்பியல் நிறுவனம் இருக்கிறது. கொடைக்கானலில் 1899இல் தொடங்கி, நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்துவரும் ஆய்வகம் இவர்களுடையதுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் மனத்தில் வையுங்கள். சூரியன் போன வழியிலேயே திரும்பி வருகிறது. அதனால் இந்த மாதிரிக் காட்சி எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு ஜோடி நாள் உண்டு. ஒரே நாள்தான் என்று யாராவது சொன்னால், அது ஜூன் 21ஐயோ டிசம்பர் 21ஐயோ ஒட்டி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னொரு நாளைத் தேடுங்கள், கட்டாயம் இருக்கும்.

கும்பகோணம் சேது | ஏப்ரல் 23, இரவு 10.20

குமார் சார் சொன்ன தேதியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஏப்ரல் 24 என்றால் சித்திரை 11. எங்கள் ஊர் நாகேஸ்வரன் கோயிலில் சித்திரை 11, 12, 13 மூன்று நாளும் காலையில் சூரிய ஒளி ராஜகோபுர வாசல் வழியாக நேரே வந்து மூலவர் மேல் விழும். சூரியனே வந்து பூஜை செய்கிறார் என்பார்கள். சிறு வயதில் பாட்டி இடுப்பில் இருந்து பார்த்தது. கருவறை எண்ணெய் விளக்கு வெளிச்சத்திலேயே பழகிய கண்ணுக்கு, அந்தக் காலை வெயில் லிங்கத்தில் விழும்போது கல்லின் கருப்பே வேறு மாதிரி தெரியும்.

பெங்களூரில் நிழல் தொலையும் அதே நாளில் கும்பகோணத்தில் இது நடக்கிறது. இருபது வருடமாக இங்கே இருக்கிறேன், இரண்டையும் ஒன்றாக யோசித்ததே இல்லை.

கோரமங்களா குமார் | ஏப்ரல் 23, இரவு 10.41

அருமை, சேது. அங்கே பார்ப்பது உதிக்கும் சூரியனை, இங்கே பார்ப்பது உச்சி சூரியனை. நாள் ஒன்றாக அமைந்தது தற்செயல். ஆனால் ஜோடி நாள் கணக்கு அங்கேயும் பொருந்தும். ஏப்ரல் 24க்கும் ஜூன் 21க்கும் இடையே 58 நாள். அந்தப் பக்கம் 58 நாள் எண்ணினால் ஆகஸ்ட் 18, அதாவது ஆவணி பிறந்ததும். சூரியன் அதே இடத்தில் உதிக்கும். ஆவணியில் மேகம் இருக்கும். சித்திரையில் வானம் துடைத்து வைத்தது போல இருக்கும். கோயில் விழா சித்திரையில் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

பசவனகுடி ரேவதி | ஏப்ரல் 23, இரவு 11.05

நம்ம ஊர்க் கவிபுரத்தை விட்டுவிட்டால் எப்படி? கவி கங்காதரேஸ்வரர் குகைக் கோயிலில் மகர சங்கராந்தி அன்று சாயங்காலம், 5 மணிக்கு மேல், அஸ்தமிக்கப் போகும் சூரியனின் ஒளி வெளியே இருந்து சாளரம் வழியாக உள்ளே வரும். நந்தியின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே புகுந்து லிங்கத்தின் மேல் விழும். பாறையைக் குடைந்த கோயில், தலை குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அந்த நாளில் உள்ளே இடம் கிடைக்காது. வெளியே திரை வைத்துக் காட்டுவார்கள், நாங்கள் அதில்தான் பார்ப்போம்.

ஒளி முதலில் கீழே ஆவுடையாரில் விழும். அங்கிருந்து மெல்ல லிங்கத்தின் மேல் ஏறும். சூரியன் இறங்க இறங்க ஒளி ஏன் மேலே ஏறுகிறது என்று என் பெண் கேட்டாள். ஒரு துவாரத்தின் வழியாக வரும் ஒளி அல்லவா, அந்தப் பக்கம் விளக்கு தாழ்ந்தால் இந்தப் பக்கம் வெளிச்சம் உயரும் என்றேன். மறுநாள் அட்டையில் ஓட்டை போட்டு, செல்போன் விளக்கைப் பிடித்து அவளே செய்து பார்த்துவிட்டாள்.

குமார் சார், இதற்கு ஜோடி நாள் எப்போது?

கோரமங்களா குமார் | ஏப்ரல் 23, இரவு 11.12

ஜனவரி 14, டிசம்பர் 21இல் இருந்து 24 நாள். பின்னால் 24 நாள் போனால் நவம்பர் 27. அந்த வாரத்திலும் அங்கே ஒளி விழுகிறது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அன்றைக்குப் போனால் கூட்டமும் இருக்காது. பெண்ணையும் அழைத்துப் போங்கள்.

கரோல்பாக் பார்வதி | ஏப்ரல் 24, காலை 6.30

டில்லிக்கு இந்த நாளே கிடையாது என்று படித்ததும் சப்பென்று ஆகிவிட்டது. சரி, நிழல் தொலையாவிட்டால் போகட்டும், இருக்கிற நிழலை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

கோரமங்களா குமார் | ஏப்ரல் 24, காலை 6.55

செய்ய முடியுமா என்று கேட்கிறீர்களே, அம்மா, இன்றைக்கு மிக முக்கியமான ஆள் நீங்கள்தான். சரியாக ஒரு மீட்டர் நீளக் கம்பு ஒன்றைத் தேடுங்கள். மாடியில் செங்குத்தாக நிறுத்துங்கள். உங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12.19க்கு. அந்த நேரத்தில் நிழலின் நீளத்தை அளந்து இங்கே எழுதுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம்.

அல்சூர் ஆனந்தி | ஏப்ரல் 24, மதியம் 12.58

பார்த்தோம்! மேகம் ஒரு துளி இல்லை.

12 மணிக்கு டம்ளருக்கு மேற்குப் பக்கம் ஒரு விரல்கனத்துக்கு நிழல் இருந்தது. அது நகக்கீற்று போல மெலிந்துகொண்டே வந்தது. 12.15க்கு இருக்கிறதா இல்லையா என்று பிள்ளைகளுக்குள் சண்டை. 12.17க்கு டம்ளர் விளிம்பைச் சுற்றிப் பலகை முழுக்க ஒரே வெளிச்சம். தூக்குக்குண்டு வைத்து நிறுத்திய குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் அடியில் முழு வட்டமாக வெயில். அதுவரை குழாய்க்குள் வெயில் ஒரு பக்கச் சுவரில்தான் விழுந்துகொண்டிருந்தது, அடிவரை இறங்கவே இல்லை. அடியில் வைத்திருந்த ஒரு ரூபாய் நாணயம் பளிச்சென்று தெரிந்ததும் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டு மாமி மேலே வந்துவிட்டார். அவரும் பார்த்தார்.

ஐந்தாறு நிமிடத்தில் நிழல் கிழக்குப் பக்கமாக முளைத்துவிட்டது. அவ்வளவுதான் நேரம்.

நாம் நிற்கும்போது நிழல் காலடியில் ஒரு சின்னக் குட்டை மாதிரிக் கிடந்தது. குதித்தால் அப்படியே நேர் கீழே பிரிந்து நின்றது. அதற்காகவே பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

கரோல்பாக் பார்வதி | ஏப்ரல் 24, மதியம் 1.05

திரைச்சீலை மாட்டும் கம்பியை ஒரு மீட்டருக்கு அடையாளம் வைத்து, பூந்தொட்டி மண்ணில் நட்டு நிறுத்தினேன். மண் மட்டத்தில் இருந்து அளந்தேன். தையல் அளவு நாடாவில் நிழல் 28 சென்டிமீட்டர். இதோடு என்ன செய்யப் போகிறீர்கள், குமார் சார்?

கோரமங்களா குமார் | ஏப்ரல் 24, மதியம் 1.40

பார்வதியம்மா, நீங்கள் இப்போது பூமியை அளந்துவிட்டீர்கள்.

கம்பு 100, நிழல் 28. அந்தக் கோணம் ஏறக்குறைய 15.65 பாகை. இதே நேரத்தில் பெங்களூரில் கோணம் பூஜ்யம், ஆனந்தி வீட்டு டம்ளர் சாட்சி. சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் இரண்டு ஊருக்கும் அதன் கதிர் ஒரே திசையில்தான் வருகிறது. அப்படியானால் இந்தக் கோண வித்தியாசம் பூமியின் வளைவால் மட்டுமே வந்தது. 360 பாகையில் 15.65 என்பது 23இல் ஒரு பங்கு. பெங்களூருக்கும் டில்லிக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 1740 கிலோமீட்டர். அதை 23ஆல் பெருக்குங்கள்: 40,020. துருவங்கள் வழியாகப் பூமியின் சுற்றளவு 40,008 கிலோமீட்டர்.

இது பொருந்தி வந்ததற்கு நம் ஊர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். பெங்களூர் 77.6 பாகை கிழக்கு, டில்லி 77.2. ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. அதனால்தான் உச்சிப் பொழுதும் இரண்டு நிமிட வித்தியாசத்தில் வந்தது.

இந்த முறையைக் கண்டவர் எரடோஸ்தனிஸ். பொது ஆண்டுக்கு முன் 3ஆம் நூற்றாண்டு, எகிப்தில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவர். தெற்கே சையீன் என்ற ஊரில், இன்றைய அஸ்வானில், கோடை உச்ச நாளில் சூரியன் நேர் மேலே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும். அதே நாளில் அலெக்சாந்திரியாவில் கோணம் 7.2 பாகை, வட்டத்தில் 50இல் ஒரு பங்கு. இரண்டு ஊருக்கும் 5,000 ஸ்டேடியம் (அந்தக் காலக் கிரேக்க நீள அளவு) தூரம் என்று வைத்து, பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியம் என்றார். அவர் இருந்த அலெக்சாந்திரியாவின் இடத்தில் இன்றைக்கு நீங்கள் இருந்தீர்கள், அம்மா.

கரோல்பாக் பார்வதி | ஏப்ரல் 24, மதியம் 2.15

உடம்பு சிலிர்க்கிறது, சார். திரைச்சீலைக் கம்பியை மறுபடி மாட்ட மனமே வரவில்லை.

திருச்சி வாசு | ஏப்ரல் 24, மாலை 7.20

நிழல் பேச்சு என்றதும் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையிலேயே விழாது என்று சின்ன வயதில் இருந்து சொல்கிறார்களே, அது எப்படி? வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு முறை வருகிறது.

கும்பகோணம் சேது | ஏப்ரல் 24, இரவு 8.02

தம்பி, காலை 8 மணிக்குப் பெரிய கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். பிராகாரத்தில் நிழல் நீளமாகக் கிடக்கும், அதில்தான் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். வெயில் காலத்தில் சாயங்காலம் கிழக்குப் பக்கம் குளுகுளுவென்று இருப்பதே அந்த நிழலால்தான்.

கோரமங்களா குமார் | ஏப்ரல் 24, இரவு 8.45

சேது சொன்னதுதான் உண்மை. நிழல் விழுகிறது. ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் ஒரு நல்ல கணக்கு கிடைக்கிறது.

விமானம் சுமார் 66 மீட்டர் உயரம், அடிப்பாகம் பக்கத்துக்குச் சுமார் 30 மீட்டர் சதுரம். மேலே போகப் போகக் குறுகுகிறது. உச்சிக் கலசம் அடித்தளத்தின் நடுப்புள்ளிக்கு நேர் மேலே இருக்கிறது, அங்கிருந்து விளிம்புக்கு 15 மீட்டர். உச்சிப் பொழுதில் சூரியன் தலைக்கு மேலிருந்து 13 பாகைக்குள் சாய்ந்திருந்தால், கலசத்தின் நிழல் அந்த 15 மீட்டரைத் தாண்டாது. கோயிலின் மேலேயே விழுந்துவிடும். தஞ்சாவூர் அட்சரேகைக்கு ஏறக்குறைய மார்ச் பாதியில் இருந்து செப்டம்பர் கடைசி வரை நண்பகலில் இப்படித்தான் இருக்கும். வருடத்தில் பாதி நாள்! அங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 24, 25 வாக்கிலும்.

ஆக, மத்தியானம் தரிசனத்துக்குப் போனவர் நிழலைக் காணாமல் வியந்திருப்பார். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அவ்வளவு கல்லை அவ்வளவு உயரத்துக்கு, அச்சு பிசகாமல் ஏற்றியிருக்கிறார்களே, பெருமைப்பட அது போதும். பொய் சேர்த்துத்தான் அதற்குப் பெருமை வர வேண்டும் என்பது இல்லை.

திருச்சி வாசு | ஏப்ரல் 24, இரவு 9.10

சார், இந்தக் கணக்கையே குடும்பக் குழுவில் போடுகிறேன். அந்தப் பழைய செய்தியைவிட இது எவ்வளவோ நன்றாக இருக்கிறது.

ஹெப்பால் ஜமீலா | ஏப்ரல் 25, காலை 10.15

எகிப்து பேச்சு வந்ததால் எழுதுகிறேன். அபு சிம்பலுக்குப் போயிருக்கிறோம். பொது ஆண்டுக்கு முன் 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராம்சேஸ் மலையைக் குடைந்து கட்டிய கோயில். பிப்ரவரி 22, அக்டோபர் 22 ஆகிய இரண்டு நாள் காலையில் உதயசூரியனின் ஒளி வாசல் வழியாக நுழைந்து, சுமார் 60 மீட்டர் உள்ளே இருக்கும் கருவறை வரை போகும். அங்கே நான்கு சிலைகள். மூன்றில் வெளிச்சம் விழும். நான்காவதாக இருக்கும் ப்தா இருளோடு தொடர்புள்ள தெய்வம், அவர் மட்டும் இருட்டிலேயே இருப்பார்.

நாங்கள் போனது அந்த நாளில் இல்லை. ஆனாலும் கருவறையில் நின்று வாசலைத் திரும்பிப் பார்த்தால் அவ்வளவு தூரத்தில் ஒரு சின்ன வெளிச்சக் கட்டம் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் சூரியன் சரியாக வர வேண்டும் என்று கணக்குப் போட்டு மலையைக் குடைந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது எனக்கு வார்த்தையே வரவில்லை.

அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று உண்டு. அந்தக் கோயில் இப்போது இருப்பது அதன் பழைய இடத்தில் இல்லை. அஸ்வான் அணை கட்டியபோது நீரில் மூழ்கிவிடும் என்று 1964இல் இருந்து 1968 வரை, யுனெஸ்கோ முன்னின்று, கோயிலையே ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, 65 மீட்டர் மேலே, சுமார் 200 மீட்டர் பின்னால் கொண்டுபோய் மறுபடி சேர்த்தார்கள். திசை மாறாமல் வைத்ததால் ஒளி இன்றைக்கும் உள்ளே போகிறது.

மாட்டுங்கா மீனா | ஏப்ரல் 25, காலை 11.30

மும்பையில் இருந்து வணக்கம். எங்களுக்கும் இரண்டு நாள் உண்டு, ஆனால் இரண்டாவது ஜூலை கடைசியில் வருகிறது. அப்போது இங்கே மழை கொட்டும், சூரியனையே பார்க்க முடியாது. மே பாதியில் வரும் முதல் நாள்தான் எங்களுக்குக் கதி.

நான் சொல்ல வந்தது வேறு. மகாராஷ்டிராவில் ஹரிச்சந்திரகட் என்ற மலைக்கோட்டையில் கொங்கண் கடா என்று ஒரு செங்குத்துப் பாறை விளிம்பு. மழைக்காலத்தில் சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்வாக இருந்து, கீழே பள்ளத்தில் மூடுபனி நிறைந்திருந்தால், அந்தப் பனியின் மேல் வட்டமான வானவில் தெரியும். நடுவே பார்ப்பவரின் நிழல். இந்திரவஜ்ரம் என்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரும் பார்ப்பார், ஆனால் அவருடைய வட்டம் அவர் தலை நிழலைச் சுற்றித்தான் இருக்கும். பனித்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால் அப்படி. விமானத்தில் ஜன்னலோரம், சூரியனுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் மேகத்தின் மேல் விமான நிழலைச் சுற்றி இதே வட்டத்தைப் பார்க்கலாம்.

பசவனகுடி ரேவதி | ஏப்ரல் 25, மதியம் 12.10

வட்டம் என்றதும் ஞாபகம் வந்தது. 2021 மே 24, ஊரடங்கு நேரம். பெங்களூரில் சூரியனைச் சுற்றிப் பெரிய வளையம் தெரிந்ததே, ஊரே மாடியில் நின்றது. உயரத்து மேகத்தில் இருக்கும் ஆறு பக்கப் பனிப் படிகங்கள் ஒளியை 22 பாகை வளைப்பதால் வருவது. இதற்குத் தேதி கிடையாது. மேகம் அமைந்தால் எப்போது வேண்டுமானாலும் வரும்.

ஒயிட்ஃபீல்ட் பிரபா | ஏப்ரல் 25, இரவு 10.05

எல்லோரும் வெயில் வரும் இடங்களைச் சொல்கிறீர்கள். வெயிலே வராத ஊர் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். கம்பெனி வேலையாக நார்வேயில் இருந்தபோது பார்த்தது.

ரியூகன் என்று ஒரு சின்ன ஊர். கிழக்கு மேற்காக ஓடும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு. நீர்வீழ்ச்சியில் இருந்து மின்சாரம் எடுத்து உரம் தயாரிப்பதற்காக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் உருவாக்கிய ஊர். குளிர்காலத்தில் சூரியன் அவ்வளவு தாழ்வாகப் போவதால் தெற்கு மலை அதை முழுக்க மறைத்துவிடும். செப்டம்பர் கடைசியில் போன வெயில் மார்ச்சில்தான் திரும்பும். வானம் நீலமாகப் பளிச்சென்றுதான் இருக்கும், எதிர்மலையின் உச்சியில் வெயில் அடிப்பதும் கண்ணுக்குத் தெரியும். ஊருக்குள் மட்டும் வராது.

1928இல் அந்த நிறுவனம் ஒரு கம்பிவட ஊர்தி அமைத்தது. மக்கள் மேலே போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு வருவதற்கென்றே. அப்புறம் 2013 அக்டோபரில் பெரிய வேலை செய்தார்கள். ஊருக்கு மேலே 450 மீட்டர் உயரத்தில், வடக்கு மலைச்சரிவில் மூன்று கண்ணாடிகள், ஒவ்வொன்றும் 17 சதுர மீட்டர். சூரியன் நகர நகரக் கணினி அவற்றைத் திருப்பிக்கொண்டே இருக்கும். மூன்றும் சேர்ந்து ஊர்ச் சதுக்கத்தில் சுமார் 600 சதுர மீட்டர் பரப்பில் வெயிலை இறக்குகின்றன.

நான் போனது ஜனவரி. சதுக்கத்தில் ஒரு மங்கலான நீள்வட்டம். அதற்கு வெளியே எல்லாம் நீலச் சாம்பல் நிறம், உள்ளே மட்டும் மஞ்சள். ஒரு தாத்தா பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். குழந்தை வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து வெளிச்சத்துக்குள் நிறுத்தினார்கள். வட்டம் நகரவில்லை, நம்மூர் வெயில் நகருமே அதுபோல் இல்லை. அந்தப் பெஞ்சில் நானும் உட்கார்ந்தேன். என் முன்னால் என் நிழல் விழுந்தது. அந்த ஊருக்கு வந்த பிறகு முதல் முறையாக நிழலைப் பார்த்தேன்.

இத்தாலியில் விகனெல்லா என்ற மலைக்கிராமத்திலும் 2006இல் இதேபோல் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அங்கே நவம்பர் 11 முதல் பிப்ரவரி 2 வரை வெயில் கிடையாது.

கோரமங்களா குமார் | ஏப்ரல் 25, இரவு 10.40

பிரபா, மிக அழகாக எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் கவனியுங்கள், நவம்பர் 11க்கும் டிசம்பர் 21க்கும் 40 நாள், டிசம்பர் 21க்கும் பிப்ரவரி 2க்கும் 43 நாள். மறைவதற்கும் திரும்புவதற்கும் அதே ஜோடிக் கணக்குதான்.

அல்சூர் ஆனந்தி | ஏப்ரல் 26, காலை 9.20

அமெரிக்காவில் இருக்கும் தம்பி சொன்னது இரண்டு. நியூயார்க்கின் மன்ஹாட்டன் தெருக்கள் நேர்க்கோடுகளாக, வடக்கிலிருந்து 29 பாகை திருப்பிப் போடப்பட்டவை. மே 29, ஜூலை 12 வாக்கில் அஸ்தமன சூரியன் சரியாகத் தெருவின் நடுவில், இரண்டு பக்கக் கட்டடங்களுக்கு இடையே இறங்கும். ஜனங்கள் நடுத்தெருவில் நின்று படம் எடுப்பார்களாம்.

இன்னொன்று கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி. பிப்ரவரி பாதிக்கு மேல், சாயங்கால வெயில் ஒரு மெல்லிய அருவியில் மட்டும் விழுந்து, பாறையில் நெருப்பு ஒழுகுவது மாதிரித் தெரியும். குமார் சார், உங்கள் ஜோடிக் கணக்குப்படி அக்டோபரிலும் தெரிய வேண்டும். ஆனால் அக்டோபர் படம் ஒன்றுகூட இல்லையே?

கோரமங்களா குமார் | ஏப்ரல் 26, காலை 9.55

நல்ல கேள்வி. அக்டோபரில் வெயில் சரியாக அதே பாறையில்தான் விழுகிறது. அருவியில்தான் தண்ணீர் இருக்காது. அந்த ஹார்ஸ்டெயில் அருவி, பனி உருகியும் மழை பெய்தும் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் மட்டுமே ஓடுவது.

ஜோடியே இல்லாத காட்சிக்கு உதாரணம் அயர்லாந்தில் நியூகிரேஞ்ச். சுமார் பொ.ஆ.மு. 3200இல் கட்டிய கல் மேடு, எகிப்துப் பிரமிடுகளுக்கும் முந்தையது. உள்ளே 19 மீட்டர் நீள ஒடுங்கிய வழி, கடைசியில் ஓர் அறை. வாசலுக்கு மேலே தனியாக ஒரு சிறு திறப்பு. டிசம்பர் 21ஐ ஒட்டிய சில நாட்களில் மட்டும் உதயசூரியனின் ஒளி அந்தத் திறப்பு வழியாகப் போய் அறையின் தரையைத் தொடும். 17 நிமிடம்தான் இருக்கும். சூரியன் திரும்பும் முனை நாள் அது, அதனால் ஜோடி இல்லை. 1967இல் ஓ'கெல்லி என்ற தொல்லியல் அறிஞர் விடியலுக்கு முன்னால் தனியாக உள்ளே போய் நின்று பார்த்தார், இந்தக் காலத்தில் அதைப் பதிவு செய்த முதல் ஆள். இப்போது உள்ளே நிற்கக் குலுக்கல் போட்டு ஆள் எடுக்கிறார்கள். 5,000 வருடத்துக்குப் பிறகும் அந்தக் கல் கூரை ஒழுகவில்லை.

கரோல்பாக் பார்வதி | ஏப்ரல் 27, மாலை 6.10

இன்றைக்கு ஜந்தர் மந்தர் போய்விட்டு வந்தேன். இத்தனை வருடம் பஸ்ஸில் தாண்டிப் போன இடம். 18ஆம் நூற்றாண்டில் ஜெய்ப்பூர் அரசர் இரண்டாம் ஜெய்சிங் கட்டிய வானாய்வுக் கூடம். நடுவில் இருக்கும் சாம்ராட் யந்திரம், படிக்கட்டு வைத்த ஒரு முக்கோணச் சுவர். அதன் சாய்வு துருவத்தைப் பார்த்து இருக்கிறது. நிழல் இரண்டு பக்க வளைவில் விழுந்து மணி காட்டும். இப்போது சுற்றிலும் உயரமான கட்டடங்கள், வளைவின் அளவுக்கோடுகளும் தேய்ந்துவிட்டன. மனசு கஷ்டப்பட்டது.

காவலாளி ஒருவர், ஜெய்ப்பூருக்குப் போங்கள், அங்கே நிழல் நடப்பதையே கண்ணால் பார்க்கலாம் என்றார். உண்மையா, குமார் சார்?

கோரமங்களா குமார் | ஏப்ரல் 27, இரவு 8.30

உண்மை. ஜெய்ப்பூர் சாம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயரம். நிழல் விழும் வளைவின் ஆரம் 15 மீட்டருக்குச் சற்று மேல். அவ்வளவு பெரிய வட்டத்தில் நிழல் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் நகரும். ஒரு கோட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் காத்திருந்தால் நிழல் நான்கு விரல்கடை அளவுக்குப் போயிருக்கும்.

அல்சூர் ஆனந்தி | ஏப்ரல் 27, இரவு 8.52

எங்கள் பிள்ளைகளுக்கு டிசம்பர் விடுமுறையில் அங்கே போக வேண்டுமாம், இப்போதே கேட்கிறார்கள். போனால் கைக்கடிகாரத்தோடு எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது?

கோரமங்களா குமார் | ஏப்ரல் 27, இரவு 9.15

டிசம்பர் 25ஐ ஒட்டிப் போங்கள். சூரியன் முந்துவதும் பிந்துவதும் அந்த நாட்களில் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிடும், தனித் திருத்தம் தேவைப்படாது. ஜெய்ப்பூர் 75.8 பாகை கிழக்கு. கைக்கடிகார நேரத்தில் இருந்து 27 நிமிடத்தைக் கழித்தால் போதும், வளைவில் நிழல் அந்த நேரத்தில்தான் நிற்கும். பனிமூட்டம் விலக வேண்டும், அதனால் காலை 10 மணிக்கு மேல் போங்கள்.